படிக்கும்படி வெட்டிய ஒரு வரி

மதிப்பிற்குரிய தலைவர் திரு. தம்பிராஜா அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, காஜா பேராங் தமிழ் வாசகசாலையின் அங்கத்தினர்களே, புக்கிட் காதிலிலிருந்தும் பண்டார் ஹிலிரிலிருந்தும் மழையைப் பாராமல் சைக்கிளில் வந்து சேர்ந்த நண்பர்களே, தமிழ் விளங்காவிட்டாலும் அண்டை வீட்டுத் துக்கம் தங்கள் துக்கம் என்று பின் வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் தலைமுறைகளாய் மலாயே பேசிவரும் செட்டிக் கம்பத்து ஊர் உறவுகளே, தாய்மார்களே, முன் வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கை சந்திரமதி அவர்களே! உங்கள் எல்லாரையும் தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

சந்திரமதிக்கு இடப்பக்கம் இரண்டு நாற்காலி காலி. வலப்பக்கம் மூன்று காலி. மண்டபத்தில் உட்கார இடமில்லாமல் வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள். ஆனாலும் அந்த ஐந்து நாற்காலிகளில் போய் உட்கார நம்மில் ஒருவருக்கும் கால் வரவில்லை. யாரையும் குறை சொல்லவில்லை. நான்கு ஆண்டுகளாக நாம் பழகிக்கொண்ட பழக்கம் அது.

ஒன்பது நாட்களுக்கு முன்னால் அவருடைய அண்ணன், நம் விஞ்ஞானி திரு. மருதமுத்து ராஜரத்தினம், பி.எஸ்ஸி., ஆஸ்பத்திரியில் காலமானார். முப்பத்தெட்டு வயது! அது சாகிற வயதா? அவருக்கு இருதயம் பலவீனம் என்று டாக்டர் சொன்னார். எத்தனை நாளாகப் பலவீனம், எதனால் பலவீனம் என்று டாக்டர் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவன் நான்.

இந்த வாசகசாலையின் செயலாளராகப் பதினெட்டு ஆண்டுகளில் நாற்பது இரங்கல் கூட்டமாவது நான் நடத்தியிருப்பேன். எப்படிப் பேச வேண்டும் என்று எனக்குத் தெரியும். 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்று தொடங்கி, 'அன்னாரின் ஆத்மா சாந்தியடைவதாக' என்று முடித்தால் பதினைந்து நிமிடம் ஓடிவிடும். இந்த மேடையிலிருந்து ஒரு கெட்டவரைக்கூட நான் வழியனுப்பியதில்லை. செத்துவிட்டால் எல்லாரும் உத்தமர்! ஆனால் இன்றைக்கு அந்தப் பேச்சு என் வாயில் வராது. ஏனென்றால் ராஜரத்தினம் உண்மையிலேயே உத்தமர். அவரைப் பொய்யராக்கியவன் உங்கள் செயலாளர் கலியாணசுந்தரம். இதைத்தான் சொல்லப் போகிறேன். தயவுசெய்து இடையில் யாரும் எழுந்து போக வேண்டாம்.

ராஜரத்தினத்தின் தகப்பனார் மருதமுத்துவை உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். எஸ்டேட்டை விட்டு வந்து எலக்ட்ரிக் ஆபீசில் கம்பிக் கூலியாகச் சேர்ந்தவர். கிளேபாங் கடலோரத்தில் நிற்கும் மின்கம்பங்கள் அவர் பொறுப்பு. கம்பியைத் தாங்குகிற வெள்ளைப் பீங்கான் குமிழ்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடற்காற்றில் அதன்மேல் உப்புப் படியும். உப்பின்மேல் ஈரம் பட்டால், கம்பியில் போக வேண்டிய மின்சாரம் பீங்கான்மேல் ஊர்ந்து கம்பத்துக்குக் கசியும். அப்போது 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும். மருதமுத்து அந்தச் சத்தத்தைக் கேட்டால் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஏணி போட்டு ஏறி, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒவ்வொரு குமிழாகத் துடைப்பார். எந்தக் கம்பம், எந்த நாள் என்று ஓர் அட்டையில் எழுதி, ஓரத்தில் 'மழை' என்றோ 'காற்று' என்றோ குறித்து வைப்பார். அவருக்கு எழுதத் தெரிந்த சொற்கள் அநேகமாக அவ்வளவுதான். ஊரில் அவருக்கு 'துணிக்கார மருதமுத்து' என்றே பெயர். நாமெல்லாரும் அப்படிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

அந்தத் துணிக்காரரின் மகன் உபகாரச் சம்பளம் பெற்று 1948-இல் கப்பலேறினார். பட்டம் பெற்று, இங்கிலாந்தில் ஓர் அணு உலைக் கூடத்தில் நான்கு பேர் கொண்ட குழுவில் ஒருவராகச் சேர்ந்தார். காஜா பேராங்கில் பிறந்த ஒரு பிள்ளை! அணு உலைக்குப் பக்கத்தில்! நமக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது! அங்கே அவர் என்ன செய்தார் என்று மட்டும் நாம் யாரும் கேட்கவில்லை. பெருமைப்படுவதற்கு அது தேவைப்படவில்லை.

பிறகு ஒரு நாள், அவர் ஊர் திரும்பிய புதிதில், நான் கேட்டேன். ஜெய்னுலாப்தீன் பாயின் மளிகைக் கடையில் வைத்துத்தான் கேட்டேன்.

"நியூட்ரான், நியூட்ரான்னு சொல்றீங்களே தம்பி, அது என்னா?"

அவர் சொன்னார்: "அணுவுக்கு நடுவுல ஒரு கரு இருக்கு சார். அதுக்குள்ள இருக்குற துகள்ல ஒன்னு. மின்சாரத்துல கூட்டலும் இல்ல, கழித்தலும் இல்ல. எந்தக் கட்சியும் சேராத ஆளு. ஆனா உள்ளுக்குள்ள ஒரு கூட்டலும் ஒரு கழித்தலும் இருந்து, ரெண்டும் கொஞ்சூண்டு விலகி இருந்தா? அப்படி மட்டும் இருந்துச்சுன்னா, நாம எழுதி வச்சிருக்குற விதியில ஒன்னு தப்பு. அதுக்கு அப்பால புதுசா ஒரு பௌதிகம் இருக்குன்னு அர்த்தம். அதத்தான் தேடுனோம்."

எவ்வளவு சிறிய விலகல் என்று கேட்டேன். நியூட்ரானை இந்தப் பூமி அளவுக்கு ஊதிப் பெரிதாக்கினால், அவர்கள் தேடிய விலகல் ஒரு தென்னை மர உயரம்கூட இராது என்றார். அதை எப்படி அளப்பது என்றேன். அவர் எழுந்து பாயின் தராசுக்குப் போனார். ஒரு தட்டில் பச்சைப்பயறு, மறு தட்டில் படிக்கல். முள் நேராக நின்றது. பிறகு பயற்றை அந்தத் தட்டுக்கும் கல்லை இந்தத் தட்டுக்கும் மாற்றிப் போட்டார். "தராசு சரின்னா மாத்திப் போட்டாலும் முள்ளு நேரா நிக்கும். வித்தியாசம் வந்தா எங்கயோ என்னமோ இருக்கு."

அவர்கள் செய்ததும் அதுதானாம். உலையிலிருந்து நியூட்ரான்கள் ஒரு கற்றையாக வரும். இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே போகும். தகட்டில் கடுமையான மின்சாரம். இந்தப் பக்கம் கூட்டல், அந்தப் பக்கம் கழித்தல் என்று வைத்து எண்ணுவார்கள். பிறகு மின்சாரத்தை மாற்றிப் போட்டு எண்ணுவார்கள். மறுபடி மாற்றுவார்கள், மறுபடி எண்ணுவார்கள். ஐந்து வருடம் இதே வேலை! பாய் அன்றைக்கே கேட்டார்: "தம்பி, என் தராசுல கோளாறா, பயறுல கோளாறான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" ராஜரத்தினம் வாய்விட்டுச் சிரித்து, "நீங்க அங்க வந்திருக்கணும் பாய்" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

அவையோரே! 1955 மார்ச்சில் ராஜரத்தினம் தங்கைக்கு ஒரு கடிதம் எழுதினார். 'எண்ணிக்கையில் ஒரு வித்தியாசம் தெரிகிறது. உண்மையாக இருந்தால் பெரிய விஷயம். இப்போது யாரிடமும் சொல்லாதே.' சந்திரமதி சந்தோஷம் தாங்காமல் என்னிடம் சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேனா? நின்றிருந்தால் இன்றைக்கு இந்தப் பேச்சுக்கு வேலையில்லை. அன்று மாலையே இதோ, எனக்குப் பின்னால் இருக்கும் இந்தக் கரும்பலகையில், அறிவிப்புகளுக்கெல்லாம் மேலே, என் கையால் கொட்டை எழுத்தில் எழுதினேன்: 'நியூட்ரானில் புதுமை கண்டார் நம் ராஜரத்தினம்.' பத்திரிகைக்கும் எழுதிப் போட்டேன். படத்தோடு வந்தது.

அதே நேரத்தில் அங்கே என்ன நடந்தது தெரியுமா? அந்த வித்தியாசம் சில நாள் பெரிதாகவும் சில நாள் சிறிதாகவும் வந்தது. மற்ற மூவருக்கும் காரணம் தெரியவில்லை. ராஜரத்தினம் தகப்பனாரிடம் பார்த்த பழக்கத்தில், எண்ணிக்கை எழுதும் நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் தமிழில் ஒரு சொல் குறித்து வைத்திருந்தார். என்ன சொல்? 'மழை'! அது ஏதோ கையெழுத்து என்று வெள்ளைக்காரர்கள் நினைத்திருந்தார்களாம். ஒரு நாள் பழைய பக்கங்களைப் புரட்டினார். 'மழை' என்று இருந்த நாளிலெல்லாம் வித்தியாசம் பெரிது. இல்லாத நாளில் சிறிது.

தகடுகளைத் தாங்கி நிற்பவை பீங்கான் கால்கள். கிளேபாங் கம்பத்துக் குமிழ்களின் அதே பீங்கான்! ஈரம் படிந்த நாளில் அதன்மேல் மின்சாரம் துளியாய் ஊர்ந்திருக்கிறது. அந்தக் கசிவே ஒரு சிறு காந்தமாகி நியூட்ரானைத் திருப்பியிருக்கிறது. மின்சாரத்தை மாற்றிப் போட்டால் கசிவும் மாறுகிறது. புதிய பௌதிகம் போலவே வேஷம் போட்டுக்கொண்டு வந்து நின்றது வெறும் ஈரம். குழுவில் மூன்று பேர் கண்டுபிடித்துவிட்டோம் என்று கட்டுரை எழுதிக்கொண்டிருந்த நேரம். ராஜரத்தினம் போய் மின்சாரத்தை நிறுத்தினார். ஒரு துணியை எடுத்தார். பீங்கான் கால்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். கூடத்தில் வெப்பம் வைத்து ஈரத்தைப் போக்கினார். மறுபடி எண்ணினார்கள். வித்தியாசம் இல்லை.

நம்மில் யார் செய்வோம் இதை? கையில் வந்த புகழைத் தானே ஒரு துணியால் துடைத்துப் போடுகிறவர் நம்மில் யார்? உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அவர் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருக்க அவருக்குத் தெரியவில்லை. 'அப்பா கேட்ட சத்தம் எனக்கும் கேட்டது சார்' என்று மட்டும் பிறகு என்னிடம் சொன்னார்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டாம். நோட்டுப் புத்தகத்தில் ஓர் எண் தவறாகிவிட்டால் அழிக்கக் கூடாது. ரப்பர் என்ற பொருளே அந்தக் கட்டடத்துக்குள் கிடையாது. தவறின்மேல் ஒரே ஒரு கோடு; அடியில் இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும்; பக்கத்தில் கையெழுத்து. இன்னொன்றும் உண்டு. யார் எழுதிய தவறோ அவர்தான் வெட்ட வேண்டும். தலைமை விஞ்ஞானியே ஆனாலும் அடுத்தவர் தவறின்மேல் கோடு போடக் கூடாது. இந்த வழக்கத்தை நன்றாக நினைவில் வையுங்கள். நான்கு வருடமாக ராஜரத்தினம் ஏன் வாய் திறக்கவில்லை என்பதற்கு இதுதான் விடை.

அந்த ஆண்டு ஜூலையில் எனக்கு அவர் கடிதம் எழுதினார். தங்கைக்கு அல்ல, எனக்கு! இந்த ஆறு வருடமாக அது என் மேசை இழுப்பறையில், பஞ்சாங்கத்துக்கு அடியில் கிடந்தது. இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. முடிவில் வாசிக்கிறேன்.

கடிதம் வந்த அன்றே நான் கரும்பலகையைத் திருத்தியிருக்க வேண்டும். ஏன் திருத்தவில்லை? நாளைக்கு, நாளைக்கு என்றேன். பிறகு 1956 பிப்ரவரி. பண்டார் ஹிலிர் திடலில் மெர்டேக்கா நாள், நாட்டின் சுதந்திர நாள், அறிவிக்கப்பட்டபோது நாம் எல்லாரும் அந்தக் கூட்டத்தில் நின்றோம், ஞாபகமிருக்கிறதா? திரும்பி நடந்து வருகையில் எல்லார் மனதிலும் ஒரே கேள்வி. நாடு பிறக்கப் போகிறது, அதில் நாம் யார்? ரப்பர் வெட்டியவர்கள், ரோடு போட்டவர்கள், துணியால் பீங்கான் துடைத்தவர்கள் என்பதற்கு மேல் நமக்கு என்ன பெயர்? எனக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. அது என் கரும்பலகையில் இருந்தது. நான் அதைத் திருத்த மனமில்லாமல் விட்டுவைத்தேன். சமூகத்துக்காக என்று சொல்லிக்கொண்டேன். சமூகத்துக்காகச் சொல்லும் பொய்க்கும் பொய் என்றுதானே பெயர்?

1957 செப்டம்பரில், மெர்டேக்கா முடிந்த இரண்டாம் வாரம், அவர் ஊர் திரும்பினார். இதே மண்டபம். இதே மேடை. மாலைகளில் அவர் முகம் தெரியவில்லை. கரும்பலகையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பேச அழைத்ததும் ஒலிபெருக்கி முன் நின்று, தெளிவாக, அவசரமில்லாமல் சொன்னார்: "நாங்கள் தேடியது அங்கே இல்லை. நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை."

நான் பாய்ந்து எழுந்தேன். ஒலிபெருக்கியைப் பிடித்தேன். என்ன சொன்னேன் என்று உங்களில் பலருக்கு நினைவிருக்கும். "பார்த்தீர்களா அவையோரே! நிறைகுடம் தளும்பாது! எவ்வளவு பெரிய விஞ்ஞானி, எவ்வளவு அடக்கம்!" என்றேன். நீங்கள் கை தட்டினீர்கள். கூரை அதிரத் தட்டினீர்கள். ஒரு மனிதர் தன் வாயால் சொன்ன உண்மையைக் கைதட்டலில் அமுக்கினோம். அவர் ஒலிபெருக்கிக்கு மறுபடி கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. தேநீர் வந்துவிட்டது என்றேன்.

அன்று கை தட்டாதவர் ஒருவர்தான். அதோ பின் வரிசையில், செட்டிக் கம்பத்துப் பெரியவர். அவருக்கு என் தமிழ் விளங்கவில்லை. கூட்டம் கலைந்ததும் அவர் ராஜரத்தினத்திடம் போய் மலாயில் கேட்டார், என்ன கிடைத்தது என்று. 'தாக் ஆடா' என்றார் ராஜரத்தினம். இல்லை என்றார். பெரியவர் தலையாட்டி, அவர் தோளைத் தட்டி, அப்படியானால் வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கு, களைத்திருக்கிறாய் என்றாராம். "என் பேச்ச ஒழுங்கா கேட்டது அவரு ஒருத்தருதான்" என்று ராஜரத்தினம் பாயிடம் சொல்லியிருக்கிறார்.

புகழ் எத்தனை நாள்? ஆறு வாரம்! அக்டோபர் கடைசியில் உலகப் பத்திரிகைகளிலெல்லாம் செய்தி. இயற்கையில் இடமும் வலமும் ஒன்றல்ல என்று காட்டியதற்காக வேறு நாட்டு விஞ்ஞானிகளுக்குப் பெரும் பரிசு. புதிய பௌதிகம் கிடைத்தேவிட்டது. ஆனால் வேறு வாசலில், வேறு ஆட்களுக்கு. நம்மவர்கள் பத்திரிகையை வரி வரியாகத் தேடினார்கள். ராஜரத்தினம் என்ற பெயர் இல்லை. அவ்வளவுதான்! ஊர் வாயை மூட உலை மூடி உண்டா? 'பொய் சொல்லி மாலை வாங்கினவன்' என்றார்கள். 'அங்க லேப்புல தரை தொடச்சிருப்பான், துணிக்காரன் மகன்தானே' என்றும் ஒருவர் இதே வாசலில் நின்று சொன்னார். நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதாவது எழுந்து சொன்னேனா? இல்லை. என்ன செய்தேன் தெரியுமா? மறுநாள் விடியற்காலையில் யாரும் வருமுன் வந்து, ஈரத் துணியால் இந்தக் கரும்பலகையைத் துடைத்தேன். சுவடு தெரியாமல் துடைத்தேன்! எழுதியவன் நான் என்பதும் அதோடு போயிற்று. பலகை வெறுமையாக இருப்பதைக் கண்ட ஊர், அவர் பொய் அம்பலமானதால் வாசகசாலை அழித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டது. தகப்பன் துடைத்ததும் துணி. மகன் துடைத்ததும் துணி. நான் துடைத்ததும் துணி. என் துணியைப் பற்றி மட்டும் பேசவே வெட்கமாக இருக்கிறது.

'மெய் சொல்லிக் கெட்டவனும் இல்லை, பொய் சொல்லி வாழ்ந்தவனும் இல்லை' என்பார்கள். காஜா பேராங்கில் மெய் சொன்னவர் கெட்டார். பொய் சொன்ன நான் செயலாளர் நாற்காலியில் நான்கு முறை ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டேன்.

அதற்குப் பிறகு அவருக்கு என்ன இருந்தது? எலக்ட்ரிக் ஆபீசில் மீட்டர் சோதனை அறை. வீடுகளிலிருந்து கழற்றி வரும் மீட்டர்களை ஓட விட்டு, இணைப்பை மாற்றிப் போட்டு மறுபடி ஓட விட்டு, சரியா தவறா என்று சீட்டு ஒட்டுவது. அந்த அறைக்கு ஒரே நாற்காலி. கல்யாணப் பத்திரிகை அவர் வீட்டுக்குப் போவது நின்றது. கோயில் திருவிழாவில் அவர் நிற்கும் இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் காலியாகவே இருக்கும். சந்திரமதிக்கு மூவாரிலிருந்து வந்த சம்பந்தம், பெண்ணின் அண்ணன் யார் என்று விசாரித்ததும் நின்றது. தங்கச்சி, அதற்கும் காரணம் நான்தான். அந்த வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லப் பத்து நிமிடம் போதும் எனக்கு. பஸ் ஏறவில்லை நான்.

தினமும் சாயங்காலம் அவர் கிளேபாங்குக்கு நடந்து போவார். கடலைப் பார்ப்பதற்கு அல்ல. கம்பங்களுக்கு அடியில் நின்று மேலே பார்ப்பார். எந்தக் குமிழாவது சத்தம் போடுகிறதா என்று காது கொடுப்பார். நானும் அதே வழியில் சைக்கிளில் வருவதுண்டு. தூரத்தில் அவரைக் கண்டதும் சைக்கிளைத் திருப்பிக்கொள்வேன். எத்தனை நாள்! எத்தனை நாள்! ஒரு நாளாவது அவர் என்னைக் கூப்பிட்டுவிடுவாரோ என்ற பயம்; கூப்பிட மாட்டாரா என்ற ஏக்கமும்கூட. அவரை ஒதுக்கிய நாளிலிருந்து எனக்கும் மனம் விட்டுப் பேச ஆளில்லாமல் போயிற்று என்பதை இன்றுதான் வெளியில் சொல்கிறேன்.

அவருக்கு ஜெய்னுலாப்தீன் பாய் ஒருவர்தான் இருந்தார். கடையடைக்கும் முன் இருவரும் சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து தேநீர் குடிப்பார்கள். பாய் ஒருமுறை பொறுக்காமல் கேட்டிருக்கிறார். "என்னா தம்பி, நீங்க ஒரு வார்த்தை சொன்னா என்னா? அந்த செயலாளரு பண்ண வேலைன்னு ஊருக்கே சொல்லுங்கலா!"

"அது அவரு எழுதுன வரி பாய். அவருதான் வெட்டணும். நான் வெட்டுனா அது சண்டை. அவரு வெட்டுனாத்தான் திருத்தம்."

"அவரு எப்ப வெட்டுறது?"

"எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்றாராம்.

அவையோரே, ஆஸ்பத்திரியில் சேர்த்து ஐந்தாம் நாள் நான் போனேன். பாய் என் வீட்டுக்கு வந்து, கதவைத் தட்டி, "இன்னிக்கிப் போகலன்னா இனிமே போகவே வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனதால் போனேன். வார்டின் கோடியில் அவர் கட்டில். மற்றக் கட்டில்களைச் சுற்றியெல்லாம் சொந்தக்காரர்கள். அவர் பக்கத்தில் சந்திரமதி மட்டும். என்னைக் கண்டதும் சந்திரமதி எழுந்து வெளியே போய்விட்டார்.

"தம்பி" என்றேன்.

"மழை பேயுதா சார் வெளிய?"

"பேயுது."

"குடை எடுத்துட்டு வந்தீங்களா?"

நான் அழுதுவிட்டேன். "தப்பு பண்ணிட்டேன் தம்பி. நான் வந்து எல்லார்கிட்டயும் சொல்றேன். அந்தக் கடுதாசி இன்னும் இருக்கு."

"அழிக்கலியா?"

"இல்ல. பலகையத்தான் அழிச்சேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கோபமா, களைப்பா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு சொன்னார்: "பலகைய அழிச்சதுதான் சார் எனக்கு வருத்தம். தப்பு எல்லாரும் பண்றதுதான். நாங்க நாலு பேரும் பண்ணோம். அழிச்சிட்டா என்னா தப்புன்னே தெரியாமப் போயிடும்லா. பின்னால வர்றவன் திரும்பவும் அதையே பண்ணுவான்."

நாளைக்கே செய்கிறேன் என்றேன். 'நாளைக்கு' என்ற சொல்லைக் கேட்டு அவர் லேசாகப் புன்னகை செய்தார். மறுநாள் விடிவதற்குள் போய்விட்டார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சொல்லுங்கள். எனக்கு அது தகும். அவர் உயிரோடு இருந்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டிய பேச்சு இது. யாரிடம் போய் நான் இனி மன்னிப்புக் கேட்பேன்?

இதோ அந்தக் கடிதம். 1955 ஜூலை பன்னிரண்டு என்று தேதி போட்டிருக்கிறது. தேதியைத் தலைவர் பார்த்துச் சொல்லட்டும். நாம் அவருக்கு மாலை போட்டதற்கு இரண்டு வருடம் முந்தியது. வாசிக்கிறேன்.

'மதிப்புக்குரிய செயலாளர் அவர்களுக்கு வணக்கம். கரும்பலகையில் என்னைப் பற்றி எழுதியிருப்பதாகத் தங்கை தெரிவித்தாள். நாங்கள் கண்ட வித்தியாசம் உண்மையல்ல. பீங்கானில் படிந்த ஈரத்தால் வந்த தவறு. நானும் சேர்ந்து செய்த தவறு. தயவுசெய்து அந்த வரியை அழிக்க வேண்டாம். படிக்கும்படி ஒரு கோடு போட்டு, கீழே தவறு என்று எழுதிவிடுங்கள். இத்தனை நுட்பமாகத் தேடியும் இல்லை என்று அறிந்ததும் ஒரு செய்திதான். அடுத்துத் தேடுகிறவர்கள் இன்னும் நுட்பமாகத் தேட அது உதவும். ஊரில் மழை உண்டா? அப்பாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.'

அப்பாவிடமும் நான் சொல்லவில்லை. அந்த ஆண்டு தீபாவளிக்கு முன் மருதமுத்து இறந்துபோனார். கிளேபாங்கில் தான் செய்த வேலைதான் இங்கிலாந்தில் ஓர் அணு உலைக் கூடத்தைத் தவறிலிருந்து காப்பாற்றியது என்று தெரியாமலே அந்த மனிதர் போனார்.

போதும். இன்று காலை நான் வந்து, அழித்த வரியை அதே இடத்தில் அதே கொட்டை எழுத்தில் மறுபடி எழுதி, மேலே வேட்டியால் மூடி வைத்திருந்தேன். இப்போது மூடியதை எடுக்கிறேன். படியுங்கள். 'நியூட்ரானில் புதுமை கண்டார் நம் ராஜரத்தினம்.' எழுதியது கலியாணசுந்தரம். இதோ சுண்ணக்கட்டி. இதோ ஒரு கோடு. அடியில் இருப்பது படிக்க முடிகிறதா? பின் வரிசையில் தெரிகிறதா? நல்லது. கீழே எழுதுகிறேன்: 'தவறு. ராஜரத்தினம் 1955-இலேயே தெரிவித்தார். மறைத்தது நான்.' இது என் கையெழுத்து.

நான் செயலாளர் பதவியிலிருந்து இன்று விலகுகிறேன். புதிய செயலாளர் யாராயினும் இந்தப் பலகையை அழிக்காமல் காக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் குழு வெளியிட்ட கட்டுரை, 'இல்லை' என்று சொன்ன கட்டுரை, நம் அலமாரியில் நான்கு ஆண்டுகளாகப் பிரிக்காத உறையில் கிடந்தது; நேற்றுத்தான் பிரித்தேன். நான்காவது பெயர் அவருடையது. அதைத் தமிழில் எழுதி வைக்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். எனக்குப் பௌதிகம் தெரியாது. ஐம்பத்தேழு வயதில் கற்றுக்கொள்கிறேன். மூவாருக்கும் பஸ் ஏறுகிறேன், தங்கச்சி சம்மதித்தால். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு.

பாய், நான் பேசிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் எழுந்து போய் சந்திரமதிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்ததைப் பார்த்தேன். செட்டிக் கம்பத்துப் பெரியவரும் வந்துவிட்டார். அவருக்கு நான் பேசியது ஒன்றும் விளங்கியிருக்காது. இன்னும் மூன்று நாற்காலி இருக்கிறது.

அன்பர்களே! மௌன அஞ்சலிக்கு எழுந்து நிற்போம். அதற்கு முன் ஒரே வேண்டுகோள். நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே இடத்தில் நின்று அவர் ஒரு வாக்கியம் சொன்னார். நான் அதை அடக்கம் என்றேன். நீங்கள் கை தட்டினீர்கள். அது யார் காதிலும் விழவில்லை. இன்றைக்கு அதை அவருக்காக நான் மறுபடி சொல்கிறேன். தயவுசெய்து இந்த முறை யாரும் கை தட்ட வேண்டாம்.

'நாங்கள் தேடியது அங்கே இல்லை. நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை.'